சித்திரக்கதைப் பெட்டி

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் ஒரு விந்தையைக் காண்கிறோம். வீட்டில் தமிழ் ஒலிக்கிறது. குழந்தை தமிழில் கோபித்துக்கொள்கிறது, தமிழில் கொஞ்சுகிறது, பாட்டியோடு தமிழிலேயே வழக்காடுகிறது. ஆனால் தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால், எழுத்துக் கூட்டத் தெரியாமல் விழிக்கிறது. பள்ளியில் ஆங்கிலம் உண்டு, இந்தி உண்டு. கொல்கத்தாவானால் வங்காளமும் மும்பையானால் மராத்தியும் உண்டு. தமிழுக்குப் பெரும்பாலும் இடமில்லை. காதுக்கும் நாவுக்கும் சொந்தமான மொழி கண்ணுக்கு அயலாகிவிடுகிறது.

இத்தகைய வீடொன்றில் 12 வயதுப் பிள்ளை ஒரு நாள், "அப்பா, எனக்குக் காமிக்ஸ் வாங்கித் தாருங்கள். நானும் அதைப்போல் கதை எழுதப் போகிறேன்" என்று கேட்டால் பெற்றோர் என்ன சொல்வது? "முதலில் பாடத்தைப் படி" என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடித்துவிடலாகாது என்பதே என் கருத்து. வாங்கிக் கொடுங்கள். குவியலாக வேண்டாம், ஒரு பெட்டி அளவுக்கு வாங்கிக் கொடுங்கள். அப்பெட்டியில் தமிழுக்கு முதலிடம் இருக்கட்டும். காரணத்தையும் வழியையும் இந்தத் திங்கள் சொல்ல முயல்கிறேன்.

படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பிரடெரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், குற்றக் கதைகளும் பேய்க் கதைகளும் சிறுவரைக் கெடுக்கின்றன என்று 1954-இல் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டில் அந்நாட்டுச் செனட் சபையின் துணைக்குழுவொன்று இதுபற்றி விசாரணை நடத்தியது. பதிப்பாளர்களும் அஞ்சித் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு நெறியை வகுத்துக்கொண்டனர். ஆனால் 1992-இல் அதே அமெரிக்காவில் ஆர்ட் ஸ்பீகல்மன் என்பவரின் 'மவுஸ்' என்ற சித்திரக்கதைக்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. ஹிட்லரின் கொலைமுகாமிலிருந்து உயிர்தப்பிய தம் தந்தையின் வரலாற்றை, யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களைப் பூனைகளாகவும் வரைந்து சொன்ன நூல் அது. ஆகவே குற்றம் வடிவத்தில் இல்லை. எதைத் தேர்ந்து படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இத்துறையில் பேரெடுத்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் நமக்கு ஓர் உறவு தென்படுகிறது. 'ஆஸ்டரிக்ஸ்' கதைகளை எழுதிய ரெனே கோசினி 1926-இல் பாரிஸில் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயதாகும்போதே குடும்பம் தென் அமெரிக்காவின் போனஸ் அயர்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஸ்பானிய மொழி பேசும் ஊரில், பிரெஞ்சுப் பள்ளியொன்றில் படித்து வளர்ந்தார். தந்தை காலமானபின் 1945-இல் தாயுடன் நியூயார்க் சென்று வேலை தேடி அலைந்தார். பின்னர் பிரான்சு திரும்பி, ஓவியர் ஆல்பெர் உதெர்சோவுடன் சேர்ந்து 1959-இல் ஆஸ்டரிக்ஸைப் படைத்தார். அயலூரில் வளர்ந்த பிள்ளையே தன் மொழியில் உலகம் முழுவதும் சிரிக்கும் கதைகளை எழுதினார் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வாறே. இந்தி பேசும் வீடுகளிலெல்லாம் அறிமுகமான 'சாச்சா சௌத்ரி'யை 1971-இல் படைத்த பிராண், இன்று பாகிஸ்தானில் உள்ள கசூரில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையால் குவாலியருக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது. 'அமர் சித்திரக் கதை' வரிசையை 1967-இல் தொடங்கிய அனந்த் பை, கர்நாடகத்தின் கார்க்களத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, 12 வயதில் மும்பைக்கு வந்தவர். தில்லித் தொலைக்காட்சியில் நடந்த ஒரு வினாடிவினாப் போட்டியில் கிரேக்கப் புராணக் கேள்விக்கு விடை சொன்ன மாணவர்கள், இராமனின் தாயார் பெயரைச் சொல்லத் தெரியாமல் நின்றதைக் கண்டே அவ்வரிசையைத் தொடங்கும் எண்ணம் தமக்குப் பிறந்ததாக அவர் கூறியதுண்டு. மேலே சொன்ன ஸ்பீகல்மனும் சிறு குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவரே.

இதை வெறும் தற்செயல் என்று சொல்லலாம். எனினும் எனக்கொரு எண்ணம் தோன்றுகிறது. புதிய ஊருக்கு வரும் குழந்தை, அவ்வூர்ப் பேச்சு புரிவதற்கு முன்னரே அவ்வூர் மனிதரின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. கடைக்காரர் கோபமாகப் பேசுகிறாரா, கேலி செய்கிறாரா என்பதை அவர் புருவத்தையும் கையையும் பார்த்தே அறிகிறது. படத்தையும் சொல்லையும் சேர்த்து வைத்துப் பொருள் கொள்ளும் பழக்கம் அதற்குத் தானே வந்துவிடுகிறது. சித்திரக்கதைக்கு வேண்டிய திறனும் இதுவேயன்றோ? நம் பிள்ளைகள் இந்தக் கலைக்கு முன்கூட்டியே பாதி தேறியவர்கள்.

இனிப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஓர் அடி அகலமுள்ள அட்டைப் பெட்டி போதும். ஓராண்டுக்கு 12 புத்தகங்கள், திங்களுக்கு ஒன்று. அவற்றில் நான்கு தமிழில் இருக்கட்டும். நான்கு நாம் வாழும் மாநிலத்தின் மொழியில். நான்கு ஆங்கிலத்தில் அல்லது பிள்ளை விரும்பும் வேறு எம்மொழியிலும். ஒரு புத்தகத்தை மூன்று முறை படித்து முடிக்காமல் அடுத்ததை வாங்குவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். பழைய இதழ்களை அரும்பொருளாகக் கருதிப் பெருந்தொகைக்கு விற்பவர்களும் வாங்குபவர்களும் உண்டு. புதிதாகப் படிக்கத் தொடங்குபவருக்கு அந்த வாணிபம் வேண்டாம். படிப்பதற்கு மறுபதிப்பே போதுமானது.

தமிழ்ப் பகுதிக்குச் சிவகாசியை நாடவேண்டும். நாட்காட்டிகளும் தீப்பெட்டிச் சீட்டுகளும் அச்சாகும் அந்நகரிலிருந்தே 1972-இல் முத்து காமிக்ஸ் புறப்பட்டது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுதும் மறைந்து, எஃகுக் கை ஒன்று மட்டும் தெரியும் அந்த விந்தை மனிதனின் கதை, 1962-இல் லண்டனின் 'வேலியண்ட்' என்ற வார இதழில் தொடங்கியது. எழுதியவர் கென் புல்மர் என்ற ஆங்கிலேயர். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். ஸ்பானியரின் தூரிகையில் உருவாகி, லண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, தமிழகத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் சென்றான் அந்த மாயாவி. மனிதர் மட்டுமா குடிபெயர்கின்றனர்? கதைகளும் குடிபெயர்கின்றன, புகுந்த இடத்தில் அவ்வூர் மொழியைப் பேசி வாழ்கின்றன.

அதே சிவகாசியில் 1984-இல் லயன் காமிக்ஸ் தோன்றியது. அதன் வாயிலாக இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தின் லக்கி லுக்கும் தமிழுக்கு வந்தனர். லக்கி லுக்கை 1946-இல் படைத்தவர் மோரிஸ் என்ற ஓவியர். 1955 முதல் பல ஆண்டுகள் அக்கதைகளை எழுதியவரோ, நாம் மேலே சந்தித்த கோசினியே. நகைச்சுவை மிகுந்த அவர் கதைகளிலிருந்து தொடங்குவது நன்று. வரிகள் சிறியவை, சொல் விளங்காவிடினும் படம் கைகொடுக்கும். பக்கம் முழுவதும் அடர்ந்த எழுத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளை, ஒரு கட்டத்தில் உள்ள ஐந்தாறு சொற்களைக் கண்டு அஞ்சாது. சந்தா செலுத்தினால் இவ்விதழ்கள் கூரியரில் வீடு தேடி வரும். பொங்கலையொட்டி ஊருக்குச் செல்பவர்கள் சென்னைப் புத்தகக் காட்சியில் நேரிலும் பார்த்து வாங்கலாம். துப்பாக்கியும் சண்டையும் மிகுந்த கதைகளும், பெரியவர்களுக்கென்றே எழுதப்பட்டவையும் இவற்றுள் உண்டு. ஆதலால் பெற்றோர் முதலில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடவேண்டும்.

இரண்டாம் பகுதி நாம் வாழும் நாட்டின் மொழிக்குரியது. கொல்கத்தாவில் இருப்பவர்கள் நாராயண் தேவ்நாத்தின் புத்தகங்களை வாங்கட்டும். 'ஹாண்டா போண்டா'வை 1962-இலும் 'பாண்டுல்'என்ற மாவீரனை 1965-இலும் அவர் தொடங்கினார். 2022-இல் காலமாகும்வரை வங்கத்துக் குழந்தைகளின் அன்பில் வாழ்ந்தார். தில்லியிலும் லக்னோவிலும் இருப்பவர்களுக்குச் சாச்சா சௌத்ரி இருக்கிறார். கேரளத்தில் இருக்கும் பெரியவர்கள், திரைப்பட இயக்குநர் அரவிந்தன் 1961 முதல் மாத்ருபூமி வார இதழில் வரைந்த 'சிறிய மனிதரும் பெரிய உலகமும்' என்னும் தொடரைத் தேடிப் படிக்கலாம். பழைய புத்தகம் வாங்க, தில்லியில் தரியாகஞ்சிலிருந்து 2019-இல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும், கொல்கத்தாவில் கல்லூரித் தெருவும், பெங்களூருவில் சர்ச் தெருவும் ஏற்ற இடங்கள். அண்டை வீட்டுப் பிள்ளை எதைப் படித்துச் சிரிக்கிறதோ அதை நம் பிள்ளையும் படித்தால், தெருவில் இருவருக்கும் பேசப் பொருள் கிடைத்துவிடும்.

மூன்றாம் பகுதியில் ஆஸ்டரிக்ஸ் ஒன்றும் அமர் சித்திரக் கதை இரண்டொன்றும் இருக்கலாம். ஆஸ்டரிக்ஸை ஆங்கிலத்தில் ஆன்தியா பெல்லும் டெரெக் ஹாக்ரிட்ஜும் மொழிபெயர்த்தனர். 'இதெஃபிக்ஸ்' என்ற பிரெஞ்சு நாய்க்கு 'டாக்மாட்டிக்ஸ்' என்று அவர்கள் பெயரிட்டனர். பிடிவாதக் கொள்கையைக் குறிக்கும் சொல்லில் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒளித்துவைத்த அந்தச் சாமர்த்தியம், இரு மொழி வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பாடம். அமர் சித்திரக் கதையைப் படிக்கும்போது ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். நல்லவரை வெளிர் நிறத்திலும் அரக்கரைக் கரிய நிறத்திலும் தீட்டும் பழக்கம் அவ்விதழ்கள் பலவற்றில் உண்டு என்று ஆய்வாளர்கள் குறை கூறியிருக்கின்றனர். படமும் ஒரு கருத்தைப் பேசுகிறது என்பதைப் பிள்ளை இளமையிலேயே அறியட்டும். வளர்ந்தவர்கள், நருமதை அணையைப் பற்றி ஒரிஜித் சென் 1994-இல் வெளியிட்ட 'ரிவர் ஆஃப் ஸ்டோரிஸ்' என்ற நூலையும், அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த 'பீமாயனா' (2011) என்ற நூலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெட்டியோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். ஒவ்வொரு புத்தகம் வந்ததும் தலைப்பு, இதழ் எண், வெளியான ஆண்டு, எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் ஆகியவற்றைப் பிள்ளையே தமிழில் எழுதட்டும். பழைய பிரிட்டிஷ் வார இதழ்களில் படைத்தவர் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. எனவே சில கட்டங்கள் வெறுமையாக நிற்கும். அவற்றைத் தேடி நிரப்புவது நல்ல வேலை. நாளை எழுத்தாளராக விரும்பும் பிள்ளை, ஒரு கதைக்குப் பின்னே உழைத்தவருக்குப் பெயர் உண்டு என்பதை முதலில் அறியவேண்டும்.

மூன்று முறை படிக்கச் சொன்னேன். முதல் முறை கதைக்காக. அப்போது குறுக்கே பேசாதீர்கள். இரண்டாம் முறை, பலூன்களில் உள்ள பேச்சைச் சிறு தாள் துண்டுகளால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கவேண்டும். சொல்லின்றியே கதை எவ்வளவு தூரம் விளங்குகிறது என்று பார்ப்பதற்கு இது. மூன்றாம் முறை, வாய்விட்டு உரக்கப் படிக்கவேண்டும். பாட்டியோ தாத்தாவோ அருகில் இருந்து உச்சரிப்பைத் திருத்தவேண்டும். வீரனுக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல், குதிரைக்கு ஒரு கனைப்பு. எழுத்துக் கூட்டும் துன்பம் நாடகம் நடிக்கும் இன்பத்தில் மறைந்துவிடும். கண்ணுக்கு அயலாகிப்போன மொழி இவ்வாறு மெல்ல மெல்லக் கண்ணுக்கும் சொந்தமாகிவிடும்.

எழுத விரும்பும் பிள்ளை, "எனக்குப் படம் வரைய வராதே" என்று தயங்கவேண்டியதில்லை. கோசினி எழுதினார், உதெர்சோ வரைந்தார். எழுதுபவர் செய்யவேண்டியது, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரியவேண்டும், யார் என்ன பேசவேண்டும் என்று வகுப்பதே. ஒரே பக்கத்தில் ஆறு கட்டங்களில் ஒரு கதையை எழுதிப் பழகலாம். நாம் எல்லோரும் அறிந்த ரயில் பயணத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதல் கட்டம்: நாகபுரி நிலையத்தில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் நிற்கிறது, சிறுவன் இறங்குகிறான். இரண்டாவது: ஆரஞ்சுக் கூடையின் முன் நின்று காசை எண்ணுகிறான், சன்னலில் தாயின் முகம். மூன்றாவது: பச்சை விளக்கு மட்டும். நான்காவது: வண்டி நகர்கிறது; சிறுவன் பழப்பையோடு ஓடுகிறான்; பழங்கள் சிதறுகின்றன. ஐந்தாவது: வாயிலிலிருந்து நீளும் ஒரு கை, அதைப் பற்றும் ஒரு சிறு கை; பேச்சு ஏதுமில்லை. ஆறாவது: சிறுவன் இருக்கையில் மூச்சிரைக்க அமர்ந்திருக்கிறான், மடியில் ஒரே ஓர் ஆரஞ்சு. தாய் கேட்கிறாள்: "மீதிச் சில்லறையை வாங்கினாயாடா?"

இக்கதையில் பேச்சு ஒரே ஒரு வரி. நான்காம் கட்டத்துக்கும் ஐந்தாம் கட்டத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் சிறுவன் ஓடிய ஓட்டத்தையும் தாயின் பதற்றத்தையும் படிப்பவரே நிரப்பிக்கொள்கிறார். கட்டங்களுக்கு இடையே உள்ள அந்த வெற்றிடமே இக்கலையின் உயிர்நாடி என்று ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் வெளியிட்ட தம் நூலில் படம் வரைந்தே விளக்கியிருக்கிறார். தமிழில் எழுதுபவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நம் சொற்கள் நீளமானவை; பிரெஞ்சுக்கோ ஆங்கிலத்துக்கோ வரைந்த பலூனில் எளிதில் அடங்குவதில்லை. மொழிபெயர்ப்பாளர் எந்தச் சொல்லை விட்டார், எதைச் சுருக்கினார் என்று ஒப்பிட்டுப் பார்த்தால், சிக்கனமாக எழுதும் வித்தை கைவரும். பலூன் ஒன்றுக்கு 20 சொல்லுக்கு மேல் வேண்டாம் என்று பிள்ளைக்கு எல்லை வகுத்துக் கொடுங்கள்.

புத்தகங்களைப் பேணுவதும் கல்வியே. மலிவான செய்தித்தாள் வகைக் காகிதம், அதிலுள்ள அமிலத்தாலும் வெயிலாலும் மஞ்சளித்து நொறுங்கும். ஆகவே பெட்டியைச் சன்னலோரம் வைக்காதீர்கள். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்து ஈரம் பூசணத்தைக் கொண்டுவரும். கம்பித் தையல் துருப்பிடிக்கும். சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காமல் உயரமான அலமாரியில் வைத்து, வெயில் தெளிந்த நாளில் நிழலில் காற்றாட விடவேண்டும். கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டவேண்டாம். நாளடைவில் அதன் பசை பழுப்பேறிப் படத்தைக் கெடுத்துவிடும். எலாவற்றுக்கும் மேலாக, தொடக்கூடாத பொருளாக்கிப் பூட்டி வைக்காதீர்கள். படித்துப் படித்து ஓரம் மடிந்த புத்தகமே தன் கடமையைச் செய்த புத்தகம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தால், பத்து வீடுகள் சேர்ந்து ஒரு நூலகம் நடத்தலாம். நம் சங்க நூலகங்களில் பெரியவர்களுக்கான நாவல்களும் பக்தி நூல்களும் அலமாரி அலமாரியாக உள்ளன. குழந்தைகள் எட்டும் உயரத்தில் ஒரு தட்டைச் சித்திரக்கதைக்கென்று ஒதுக்கினால் என்ன? படித்து முடித்ததை ஒரு பிள்ளை வைக்கட்டும். படிக்காததை இன்னொரு பிள்ளை எடுத்துச் செல்லட்டும். ஆண்டுவிழாவில் பாட்டுக்கும் நடனத்துக்கும் பரிசளிக்கிறோம். ஆறு கட்டத் தமிழ்க் கதைக்கும் ஒரு பரிசு வைக்கலாம். வரையத் தெரிந்த பிள்ளையும் எழுதத் தெரிந்த பிள்ளையும் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொள்வார்கள்.

நம் பிள்ளைகள் எம்மொழியிலும் எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றால் நமக்கும் பெருமையே. ஆனால் பாட்டி சொன்ன சொல்லையும் தாய் கடிந்த கடிதலையும் எழுத முற்படும்போது, அவை ஒலித்த மொழியின் எழுத்தே தெரியாதிருந்தால் அந்தப் பிள்ளைக்கு எத்துணை பெரிய இழப்பு! அந்த இழப்பு ஒரே நாளில் வருவதில்லை. படிக்காத ஒவ்வொரு திங்களிலும் சிறிது சிறிதாக நேர்கிறது. ஆகவே இந்தத் திங்களே முதல் புத்தகத்தை வாங்குங்கள். இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளையை அருகே அமர்த்தி, முதல் கட்டத்தை நீங்கள் படியுங்கள். இரண்டாம் கட்டத்தைப் பிள்ளை படிக்கட்டும்.